நெய்ப்பந்தம் பிடிக்க ஆள்

என் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே நான் கோழையாகிவிட்டேன். அதற்கு முன் அப்படி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இடைநிலைப் பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். கடைசி வரிசையில் மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டிருக்கும் தடியன்களை ஒரே பார்வையில் எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு இப்போது கைத்தொலைபேசி மணி அடித்தாலே பயம். திரையில் மகள் பெயர் தெரிந்தால் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

காரணம் இருந்தது. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை தங்கவில்லை. முதலாவது போனபோது, 'பரவால்லம்மா, அடுத்தது நிக்கும்' என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். இரண்டாவது போனபோது சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். என்னிடம் பேசவில்லை. எப்படிப் பேசுவாள்? கல்யாணமான நாளிலிருந்து 'எப்ப, எப்ப' என்று அவளை நச்சரித்தவளே நான்தான். என் வாய் சும்மா இருக்காது. என் வாய் அப்படிப் போனதற்கு என் பாடமும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படிவத்துக்கு மக்கள்தொகைப் பாடம் உண்டு. வருஷா வருஷம் கரும்பலகையில் பிரமிடு வரைவேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாடப்புத்தகத்தில் நம் மலேசியாவின் பிரமிடு அடியில் நன்றாக அகன்று, அப்பளம் பொரிக்கும் வாணலியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். புத்தகம் மாற மாற அடி சுருங்கிக்கொண்டே வந்தது. வளர்ச்சி வீதம் குறைகிறது என்றால் ஆள் குறைந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, கூடுகிற வேகம்தான் குறைகிறது என்று விளக்குவேன். கார் இன்னும் முன்னேதான் போகிறது, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்பேன். வரைபடத்தில் நடந்து முடிந்த வருஷங்களுக்குக் கெட்டிக் கோடு, வரப்போகும் வருஷங்களுக்குப் புள்ளிக் கோடு. அந்தப் புள்ளிகள் கீழே இறங்கிப் போவதைப் பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு நகல் எடுப்பார்கள்.

ஒரு நாட்டின் ஜனம் அப்படியே நிற்க வேண்டுமென்றால் ஒரு பெண்ணுக்கு இரண்டும் சொச்சமும் பிள்ளைகள் வேண்டும் என்று ஒருநாள் சொன்னேன். 'அந்தச் சொச்சம் எப்படி டீச்சர் பொறக்கும்?' என்றான் ஒருவன். வகுப்பே உருண்டு புரண்டது. சிரிப்பு அடங்கியதும் முன் வரிசையில் ஒரு பெண், 'உங்களுக்கு எத்தன டீச்சர்?' என்றாள். 'ஒண்ணு' என்றேன். 'அப்ப நீங்கதான் டீச்சர் கொறைச்சிட்டீங்க' என்றாள். நானும் சிரித்தேன். ஏன் ஒன்றோடு நிறுத்தினாய் என்று யார் கேட்டாலும் வேலை மாற்றம், வீட்டுக்காரருக்குக் கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் உத்தியோகம் என்று ஏதாவது சொல்வேன். உண்மையில் அந்தப் பிரசவத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை அந்த வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியமில்லை.

அப்பாவோடு பிறந்தவர்கள் ஒன்பது பேர். அம்மா பெற்றது ஆறு, நிலைத்தது நானும் அண்ணனும். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரு பெண். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் குடும்பத்தில் திடமாக நிற்கிற ஆண்பிள்ளை என்று பார்த்தால் என் மருமகன் ஒருவர்தான். அவரும் வேறு வீட்டுப் பிள்ளை. கரும்பலகையில் இதை வரைந்திருந்தால் பிரமிடு தலைகீழாக நின்றிருக்கும்.

அண்ணன் ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டியவர். முதலில் ரப்பர் பால் ஏற்றினார், தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியதும் செம்பனைக் குலை ஏற்றினார். பள்ளி விடுமுறை விட்டால் என் மகள் அங்கேதான் கிடப்பாள். முன் இருக்கையில் அவளை உட்கார வைத்துத் தோட்டம் முழுக்கச் சுற்றுவார். அவளும் 'மாமா, மாமா' என்று அவர் சட்டையை விடமாட்டாள். பெற்றவள் நான் ஒருத்தி ஈப்போவில் இருக்கிறேன் என்ற நினைப்பே இருக்காது.

மகளுக்குக் கல்யாணமான அடுத்த தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கோழிக் காலைக் கடித்தபடியே அண்ணன் சொன்னார்: 'மாப்ள, எனக்கு ஒண்ணுன்னா நீதான் கொள்ளி வைக்கணும்லா.' மருமகன் நல்ல மனுஷன், யோசிக்கவே இல்லை. 'அதுக்கென்ன மாமா, செஞ்சா போச்சு. முதல்ல சாப்பிடுங்க' என்றார். எல்லாரும் சிரித்தோம். அண்ணி மட்டும் எழுந்து சமையலறைக்குப் போனார். அதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் புந்தோங் மார்க்கெட்டில் மீன்காரரிடம் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணிதான் கூப்பிட்டார். 'உங்க அண்ணன் எந்திரிக்கலம்மா' என்றார். ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு முதலில் ஓடியது என்ன தெரியுமா? ஐயோ, மருமகன் வாக்குக் கொடுத்திருக்கிறாரே என்பதுதான். மகளுக்கு அப்போது ஏழாவது மாசம். கூடப் பிறந்தவர் செத்துக் கிடக்கிறார், எனக்குக் கண்ணீர் வரவில்லை, மருமகன் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். என்ன பிறவி நான்!

எங்கள் பக்கத்தில் ஒரு விலக்கு உண்டு. மனைவி மாசமாக இருந்தால் புருஷன் பிணம் தூக்கக் கூடாது, சுடுகாட்டுக்குப் போகக் கூடாது, கொள்ளியைத் தொடவே கூடாது. மீறினால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது. அம்மா காலத்தில் இதற்கெல்லாம் யாரும் தடுமாறவில்லை. ஒருவர் விலகினால் பின்னால் பத்துப் பேர் தோள் கொடுக்க நின்றார்கள்.

மார்க்கெட் வாசலில் நின்றபடியே மருமகனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் அழுதார். 'நான் கெளம்புறேன் அத்தை. நான்தான செய்யணும்' என்றார்.

'வேணாம் தம்பி. நீங்க வரக் கூடாது.'

'வாக்குக் குடுத்துட்டேன் அத்தை.'

'வாக்குக் குடுத்தப்ப அவ வயித்துல ஒண்ணும் இல்ல தம்பி.'

'நீங்க படிச்சவங்க. டீச்சர். நீங்களே இதையெல்லாம் நம்புறீங்களா?'

'படிச்சவ பயப்படக் கூடாதுன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?' என்று கத்திவிட்டேன். மீன்காரர் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கெஞ்சினேன். 'ரெண்டு போயிருச்சு தம்பி. இதுவும் போனா அவ பொழைக்க மாட்டா. அவகிட்ட இப்ப சொல்லாதீங்க. நான் போய்ப் பாத்துக்கிறேன்.' அவர் பதிலுக்குக் காத்திராமல் தொலைபேசியை வைத்தேன். சரி என்று எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினேன்.

போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு வீடு கிடையாது, கொடியில் ஒரு துணி கிடையாது. மகளுக்கு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று அதே நினைப்பு. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரலெல்லாம் வலித்தது. அண்ணனுக்காக அழ வேண்டும் என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். பயம் அழுகைக்கு இடம் விடவில்லை.

அண்ணன் வீடு தாமான் குடியிருப்பில், தொடர்வீட்டு வரிசையில் நடு வீடு. வெளியே கூடாரம் போட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பாதி நாற்காலி காலி. பக்கத்து வீட்டுச் சீன அக்கா பெரிய கூஜாவில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் அண்ணனோடு குலை ஏற்றிய வங்காளதேசத்துப் பையன்கள் நாலைந்து பேர் வாசலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் ரத்தத்தில் ஆண் என்று வந்திருந்தவர் பெரியப்பா மகன் ஒருவர்தான். அவரும் டயாலிசிஸ் போகிறவர். கை வீங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மற்ற சொந்தங்களெல்லாம் மெல்பர்னிலும் சிங்கப்பூரிலும் இருந்து அழுகிற முகப் படம் அனுப்பியிருந்தார்கள்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, 'மாப்ள எங்க?' என்றார். நான் விலக்கைச் சொன்னேன். அண்ணிக்கும் தெரியாததா? தலையை ஆட்டினார். முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

ஈமச் சடங்குக்கு ஏற்பாடு செய்பவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல தடித்த ஆள், இடுப்பில் இரண்டு கைத்தொலைபேசி. 'சூசாலா டீச்சர், கஷ்டம்தான். இப்பெல்லாம் பாதி வீட்ல இப்படித்தான். மவன் இருந்தா வெளிநாட்டுல, இல்லன்னா மவனே இல்ல. நம்மகிட்ட ஆள் இருக்கு. வந்து கொள்ளி வச்சிருவாரு. வேணும்னா மொட்டைகூட அடிச்சிக்குவாரு. நல்லா அழுவாரு' என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உதவியாகத்தான் சொன்னார்.

அண்ணி காதில் விழுந்துவிட்டது. 'என் புருஷனுக்கு வாடகைக்கு மவனா?' என்று ஒரு கத்தல். கூடாரத்தில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. வேறு வழி தெரியாமல், 'நான் வைக்கிறேன்' என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளூரப் பயம்தான். நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் பொம்பளை சுடுகாட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது. அங்கே இப்படிச் சொல்லியிருந்தால் லயத்து வீடுகளெல்லாம் எழுந்து வந்திருக்கும். உனக்கு என்ன திமிரு, ஆம்பளைங்க செத்தாப் போயிட்டோம் என்று துண்டை உதறிக்கொண்டு வந்திருப்பார்கள். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. பெரியப்பா மகன் மட்டும் சுவரில் சாய்ந்தபடியே, 'செய் தங்கச்சி. என்னால நிக்க முடியல' என்றார். என்னைத் தடுப்பதற்குக்கூட எங்கள் சனத்தில் ஆள் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. யாராவது திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

குளிப்பாட்டி, பெட்டியில் வைத்து, வாய்க்கரிசி போட்டார்கள். சடங்கு செய்ய வந்த பண்டாரம் சின்ன வயசுக்காரர். பழக்க தோஷத்தில், குச்சியில் துணி சுற்றி நெய்யில் முக்கிய பந்தங்களை ஒரு தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தார். பேரப்பிள்ளைகள் அதைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு உடம்பைச் சுற்றி நிற்க வேண்டும். எங்கள் தாத்தா போனபோது நெய்ப்பந்தம் பிடிக்க நாங்கள் முட்டி மோதிக்கொண்டோம். எனக்கு இடமே கிடைக்கவில்லை. 'பேரப்புள்ளைங்கெல்லாம் வாங்க' என்று பண்டாரம் குரல் கொடுத்தார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். பண்டாரம் தட்டை மெல்ல ஓரமாக நகர்த்தினார்.

அப்போதுதான் வெளியே ஒரு கார் வந்து நிற்பதைப் பார்த்தேன். என் மருமகனின் கார். முன் கதவைத் திறந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு என் மகள் இறங்கினாள். பின்னாலேயே மருமகன், களவாடிப் பிடிபட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.  செருப்பு கூடப் போடாமல் ஓடினேன்.

'அறிவிருக்காடி உனக்கு? இந்த வயித்த வச்சிக்கிட்டு சாவு வீட்டுக்கு வருவியா? ஏறு, கார்ல ஏறு மொதல்ல.'

'மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிட்டா அத்தை. என்னால மறைக்க முடியல' என்றார் மருமகன்.

மகள் அழுது முடித்த முகத்தோடு இருந்தாள். 'யாரும்மா கொள்ளி வைக்கிறது?' என்றாள்.

'நான்.'

'நீங்க வைக்கலாம், நான் வரக் கூடாதா?'

'உன் வயித்துல...' என்று இழுத்தேன்.

'பேரப்புள்ளைங்க வாங்கன்னு கூப்பிட்டாரு. கார்லேருந்து கேட்டேன். ரெண்டு தடவ கூப்பிட்டாரு. யாருமே எந்திரிக்கல.' வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். 'மாமாவுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்மா. இன்னும் வெளிய வரல, அவ்ளோதான்.'

நான் வழியை மறித்துத்தான் நின்றேன். ஏழு மாசக்காரியைப் பிடித்துத் தள்ளவா முடியும்? அவள் என்னைத் தாண்டி உள்ளே போய், பண்டாரத்தின் தட்டிலிருந்து ஒரு பந்தத்தை எடுத்தாள். பண்டாரம் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி அதுவரை கட்டையாக உட்கார்ந்திருந்தவர், 'பேரப்புள்ள வந்திருக்குங்க, எந்திரிச்சிப் பாருங்க' என்று பெட்டியில் அடித்துக்கொண்டு கதறினார். பண்டாரம் வேறொன்றும் கேட்காமல் பந்தத்தைப் பற்ற வைத்தார்.

அண்ணன் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவே இல்லை. என் கண் முழுக்க மகள் வயிற்றின் மேல். அது பெட்டியின் விளிம்பில் பட்டுவிடுமோ, புகை போய்விடுமோ, நெய் சொட்டிவிடுமோ, அவள் மயங்கி விழுந்துவிடுவாளோ! அவள் முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். பண்டாரம் தேவாரம் பாடி முடிக்க ஒரு யுகம் ஆனது. 'சீக்கிரம்லா' என்று அவரைப் பார்த்து முணுமுணுத்தேன். அண்ணா, என்னை மன்னிச்சிரு.

தூக்குவதற்கு ஏற்பாட்டுக்காரர் தன் ஆட்களைக் கூப்பிடும் முன்னே, வாசலில் நின்ற வங்காளதேசத்துப் பையன்கள் வந்து தோள் கொடுத்தார்கள். மருமகன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், அழுதுகொண்டே வண்டி வரை நடந்தார். சித்தியவான் பக்கத்து மின்சுடலையில் நான் கற்பூரத்தைக் கொளுத்திப் பெட்டிமேல் வைத்தேன். பிறகு ஒரு பொத்தானைக் காட்டி அழுத்தச் சொன்னார்கள். லிப்டில் இருக்கிற மாதிரிப் பச்சைப் பொத்தான். அழுத்தினேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. கருமாதி முடியும் வரை நான் மகளைத் தொடவில்லை, அவள் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கொள்ளி வைத்த கை என்னுடையது. பந்தம் பிடித்த கை அவளுடையது. இரண்டில் எது குழந்தையைக் கொண்டுபோகும் என்று உட்கார்ந்து யோசிப்பேன். கிளினிக்கில் 'பிள்ளை கொஞ்சம் சின்னதாத் தெரியுது, அடுத்த வாரம் பார்க்கலாம்' என்றார்கள். அந்த வாரம் முழுவதும் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாய்க்குப் போகவில்லை. மகளைக் கூப்பிட்டு 'அசையுதா, அசையுதா' என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவள் தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டாள். அணைத்து வைத்தது தெரியாமல் ஈப்போ சாலையில் சிவப்பு விளக்கையும் பார்க்காமல் அவள் வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய் நின்றேன். அவள் உள்ளே உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. மத்தியானம், நல்ல மழை. ஆஸ்பத்திரியில் சேர்த்த கொஞ்ச நேரத்தில் ஆபரேஷன் என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நடையில் என் பக்கத்தில் ஒரு மலாய் அம்மா உட்கார்ந்திருந்தார். முதல் பேரப்பிள்ளையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தனக்கு இது இரண்டாவது, இதோடு போதும் என்று மகள் சொல்லிவிட்டாள் என்றார். 'நான் ஏழு பெத்தேன். இப்பத்திப் பிள்ளைகளுக்குப் பயம்' என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, தன் கையை என் கைமேல் வைத்துக்கொண்டார்.

ஒரு நர்ஸ் வெளியே வந்து, பெண் பிள்ளை, நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். நான் எழுந்துவிட்டேன். அவள் அதோடு நிறுத்தவில்லை. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை, டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், காத்திருங்கள் என்றாள். கதவு மூடிக்கொண்டது. யாரோ ரத்தப் பைகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மாதக் கணக்காக நான் குழந்தைக்காக மட்டும்தான் பயந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பயப்படுவதில்கூட நான் தப்பான இடத்தில் நின்றிருந்தேன். மருமகன் சுவரில் முகத்தை வைத்து நின்றார். கண்ணாடி வழியே பேத்தியைக் காட்டினார்கள். நான் பார்க்கவில்லை. யாருக்கு வேண்டும் பேத்தி? என் பிள்ளை எங்கே?

பிழைத்துவிட்டாள். மழை விட்டு வெகு நேரத்துக்குப் பிறகு டாக்டர் வந்து, ரத்தம் நின்றுவிட்டது என்று சொன்னார். நான் அந்த மலாய் அம்மாவின் தோளில் விழுந்து, அண்ணனுக்கு அழாததையும் சேர்த்து அழுதேன்.

இப்போது மகள் என் வீட்டில்தான் இருக்கிறாள். பத்தியச் சாப்பாடு, பிரசவக் கஷாயமான காயத்தண்ணி எல்லாம் நடக்கிறது. குழந்தை பருத்துவிட்டது, குரலும் என்னைப் போலத்தான். நேற்று அண்ணி வந்து மடியில் வைத்துக்கொண்டு விடவே இல்லை. அண்ணி போன பிறகு மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, 'ம்மா' என்றாள்.

'என்னடி?'

'இவளுக்கு ஒரு தொணை வேணும்லம்மா? நீங்க, ஆயர் தாவார் அத்தை, அவரோட அம்மா, அப்பறம் நாங்க ரெண்டு பேரு. எல்லாருக்கும் இவ ஒருத்தியேவா நிப்பா? பண்டாரம் கூப்பிட்டப்ப எந்திரிக்க ஆளில்லாம இருந்துச்சே, அது கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒரு ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொண்ணு பாக்கலாம்னு இருக்கேன்.'

முப்பது வருஷம் சாக்கட்டியால் எழுதியதெல்லாம் அவள் பக்கம்தான் இருந்தது. கல்யாணத்திலிருந்து நான் நச்சரித்ததும் அதற்குத்தான். அவள் கண்ணுக்குக் கீழே இன்னும் வெளிறிக் கிடந்தது. கையில் ஊசி போட்ட இடம் பச்சையாக இருந்தது.

'வேணாம்டி' என்றேன். 'இது போதும்.'

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'நீங்களாம்மா இதச் சொல்றது?'

'நான்தான் சொல்றேன். எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்.'